மொட்டைப் பெட்டிசம்

வெள்ளவத்தை
1900 பெப்ரவரி 12, திங்கள்

செபஸ்தியனுக்கு,

வெள்ளிக்கிழமை நீ கயிற்றுக் கிடங்கின் மேல்மாடிக்கு வந்து எனக்காகக் காத்திருந்திருப்பாய். என்னால் வர முடியவில்லை. இனியும் வர முடியாது. கிடங்கின் பூட்டை வாப்பா மாற்றிவிட்டார். என்னிடமிருந்த திறப்பு இப்போது வெறும் இரும்பு.

வியாழக்கிழமை காலை புறக்கோட்டைக் கடைக்கு வாப்பாவின் பெயரில் ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்தது. கையொப்பம் இல்லை, ஊர் இல்லை. எழுத்து மட்டும் அச்சுப்போல் அழகாக இருந்தது. ஒரே தடவைதான் வாசித்தேன். ஆனாலும் ஒரு சொல்லும் மறக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன், பார்:

"பதியுதீன் ஹாஜியார் அவர்களுக்கு. தங்கள் இளைய மகன் மர்ஸூக் கொட்டாஞ்சேனைக்கு அடிக்கடி வந்துபோகிறார். துறைமுகத்தில் சுழியோடியாக வேலை செய்யும் கத்தோலிக்கன் ஒருவனோடு கூட்டுச் சேர்ந்து வேதத்தில் சேர ஆயத்தமாகிறார். நம்பாவிட்டால் அவருடைய அரையைப் பார்க்கவும். நீல நூலில் அந்தோனியார் பதக்கம் கட்டியிருக்கிறார். பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்."

'வேதத்தில் சேர' என்று எங்கள் ஆட்கள் எழுதமாட்டார்கள். அது மாதா கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சு. அதுகூடப் பெரிதில்லை. என் அரையில் என்ன கட்டியிருக்கிறது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். மற்றவன் உன் அரையிலிருந்து அதை அவிழ்த்து எனக்குக் கட்டிய நீ.

பலீலாவை எனக்குப் பேசி முடித்திருக்கிறார்கள் என்று சொன்ன அன்று நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "உன்ர வாப்பாவுக்கு ஒரு நாளைக்கு நானே சொல்லுவன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

இப்போது சிரிக்க முடியவில்லை. நீயா எழுதுவித்தாய்? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுது.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பம்பலப்பிட்டித் தபாற்கந்தோரில் என் பெயருக்கு நிறுத்திவைக்கச் சொல்லி அனுப்பு.

மர்ஸூக்


கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 15

மேன்மை தங்கிய சின்ன முதலாளி அவர்களுக்கு,

ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். இல்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். இனி நான் கேட்கிறேன்.

நான் எழுதுவித்திருந்தால் வேதம், ஞானஸ்நானம் என்ற பொய்யை ஏன் எழுதுவிக்கவேண்டும்? உண்மையே போதுமே. அது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டத்தில் பத்து வருஷ மறியல் இருக்கிறது. ஹாஜியாரின் மகனுக்காக வழக்குப் பேசப் பெரிய புறக்டர்கள் வருவார்கள். சுழியோடிக்கு யார் வருவார்? வெலிக்கடைச் சிறைக்குப் போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னைக் கொண்டுபோக நானே வண்டி பிடிப்பேனா?

இன்னொன்று. பெட்டிசத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்து எழுதியதைத்தான் பார்த்தேன். எல்லாம் உங்கள் கையெழுத்து. அப்படி ஒன்று உண்மையில் வந்ததா? ஹஜ்ஜுப் பெருநாள் முடியக் கல்யாணம் என்று நீங்களே சொன்னீர்கள். கல்யாணத்துக்கு முதல் கொட்டாஞ்சேனையைக் கழுவிவிட ஒரு வழி வேண்டும். நேரே வந்து "போடா" என்று சொல்ல உங்கள் மனம் இடம் கொடாது. ஆகவே குற்றத்தை என் தலையில் போட்டுவிட்டால் நானே போய்விடுவேன். அப்படி நினைத்திருந்தால் நல்ல கெட்டித்தனம். பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படித்தது வீண்போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கிச் சாயங்கால மணி அடிக்கும்வரை அந்தக் கிடங்குப் படிக்கட்டில் இருந்தேன். உங்களுக்கு மறுபடி காய்ச்சலோ என்று பயந்துகொண்டு இருந்தேன். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

இப்படிக்கு
செபஸ்தியன், சுழியோடி


வெள்ளவத்தை
பெப்ரவரி 20

செபஸ்தியனுக்கு,

'நீங்கள்' என்று எழுதி என்னை அடித்தாய். சரி, அடி. ஆனால் பெட்டிசம் வந்தது உண்மை. அன்று நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீயே முடிவு செய்.

வாப்பா என்னைக் கடையின் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எனக்கு மூத்த றலியா ராத்தாவின் மாப்பிள்ளை தாஸிம் மச்சானும் நின்றார்.

"சட்டைய ஒசத்து" என்றார் வாப்பா.

உயர்த்தினேன். பதக்கத்தைக் கண்டதும் அவர் முகம் எப்படியாகியது என்று என்னால் எழுத முடியாது. அவர் தொடவில்லை. மச்சான்தான் பேனாக்கத்தியால் நூலை அறுத்தார்.

"வாப்பா, இது காச்சலுக்குக் கட்டின."

"ஆர் கட்டின?"

"தொறமொகத்து வேலக்காரன் ஒருத்தன்."

நான் அப்படித்தான் சொன்னேன், செபஸ்தியன். 'வேலைக்காரன் ஒருத்தன்' என்றுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் உனக்குத்தான் ஆபத்து என்று அந்த நேரம் நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையா என்று எனக்கே தெரியாது.

குர்ஆன் மேல் கைவைத்து, "நான் முஸ்லிம், முஸ்லிமாகவே மௌத்தாவேன்" என்று சத்தியம் செய்தேன். அதில் பொய்யில்லை. ஆனாலும் வாப்பா நம்பவில்லை. இப்போது தாஸிம் மச்சான் என்னோடு ஒரே வண்டியில் கடைக்கு வருகிறார், ஒரே வண்டியில் திரும்புகிறார். தபாற்கந்தோருக்கு மட்டும், முத்திரை வாங்கவென்று சொல்லித் தனியாகப் போய்வருகிறேன்.

நன்றாக யோசித்தேன். மார்கழியில் கிடங்கில் எனக்குக் காய்ச்சல் ஏறி, நீ என்னை உன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தாயே, அன்று பகல் நீ வேலைக்குப் போன நேரம் உன் அம்மா மட்டும்தான் என் பக்கத்தில் இருந்தார். அவர் கண்டிருப்பாரோ? கேட்டதற்குக் கோபிக்காதே.

இன்னொரு காரியம். என் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் எரித்துவிடு. யார் கையில் எது போய்ச் சேரும் என்று இனிமேல் சொல்லமுடியாது.

மர்ஸூக்


கொட்டாஞ்சேனை
மார்ச் 4, ஞாயிறு

சின்ன முதலாளிக்கு,

என் அம்மாவின் பெயரை இதற்குள் இழுக்காதீர்கள். அம்மா அருள்நாயகிக்கு எழுத்து வாசனை கிடையாது. கோயில் புத்தகத்தில்கூடப் பெருவிரல்தான் வைப்பா. அன்று உங்கள் உடம்பு கொதித்தபோது கொத்தமல்லி அவித்துத் தந்து, ஈரத்துணியால் துடைத்தவ அவ. அந்தக் கைக்கு நீங்கள் கொடுக்கிற கூலி நன்றாக இருக்கிறது.

இனி என் செய்தி. உங்கள் கடிதம் எனக்கு வந்தது வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, உங்கள் மச்சான் தாஸிம் துறைமுகத்துக்கு வந்தார். நான் அப்போது தண்ணீருக்குக் கீழே, புதுக் கடற்சுவரின் அடிக்கல்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேலே வத்தைப் படகில் எனக்குக் கயிறு பிடிக்கும் வலன்ரைன் அதை மூன்று தரம் இழுத்தான். மூன்று என்றால் உடனே மேலே வா என்று அர்த்தம். காற்றுக்குழாயில் ஏதோ பழுது என்று பயந்து ஏறினேன். செப்புத் தொப்பியைக் கழற்றினால், வத்தையின் மேல் குடை பிடித்துக்கொண்டு உங்கள் மச்சான் நிற்கிறார்.

"சின்னவர்ட கடிதாசி ஈக்கி தானே ஒங்கிட்ட. எல்லாத்தையும் தாங்க. ரங்கூன்ல நல்ல வேல எடுத்துத் தாரன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"என்ன கடிதம்? எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன்.

"அப்ப தெரியிற மாதிரி ஆக்கேலும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரே கிழமையில் ஒரே பேச்சு இரண்டு வாயிலிருந்து வருகிறது. கடிதத்தைத் தா என்று நீங்கள் எழுதுகிறீர்கள். கடிதத்தைத் தா என்று அவர் வந்து நிற்கிறார். நான் படிக்காதவன்தான். இரண்டும் இரண்டும் நாலு என்று கூட்டத் தெரியும்.

கடிதங்களைத் தரமாட்டேன். எரிக்கவும் மாட்டேன். அவற்றை வைத்து உங்களை மிரட்டுவேன் என்று பயப்படவேண்டாம். என்னை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுதிய கடிதங்கள் அவை மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் நான் 'வேலைக்காரன் ஒருத்தன்'. இப்போது உங்களுக்கும்.

செபஸ்தியன்


வெள்ளவத்தை
மார்ச் 13

செபஸ்தியன்,

நான் மச்சானை அனுப்பவில்லை. உம்மா மேல் ஆணை.

எப்படி நடந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். நான் எழுதியபின் மை காய ஒற்றுத்தாளால் ஒற்றுவேன். மச்சான் அந்த ஒற்றுத்தாளைக் கண்ணாடிக்கு முன் பிடித்து வாசித்திருக்கிறார். 'கடிதங்கள்', 'எரித்துவிடு' என்ற இரண்டு சொற்கள் அவருக்குப் போதுமாக இருந்தன. றலியா ராத்தாதான் எனக்கு இரகசியமாகச் சொன்னா. "தம்பி, ஒன்ட மேசையப் பாத்து எழுது" என்று மட்டும் சொன்னா. எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ஒற்றாமல், ஜன்னலடியில் காயவைத்து அனுப்புகிறேன்.

கல்யாணம் ஏப்ரல் 22 என்று வைத்துவிட்டார்கள். மருதானையில் பெண் வீட்டில் பந்தலுக்குச் சொல்லியாயிற்று.

நீ எழுதிய கடைசி வரியைப் பல தரம் வாசித்தேன். அந்தப் பின்னறையில் நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் இதை எழுதிவைக்கிறேன், யார் கையில் கிடைத்தாலும் கிடைக்கட்டும்: முதன்முதல் வாப்பாவின் கடைக் கயிற்றை ஒப்படைக்க நான் வத்தைக்கு வந்த நாள், நீ தண்ணீரிலிருந்து ஏறி, தொப்பியைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்று கேட்டாய். என்னை யாரென்று தெரியாமல் கேட்டாய். நான் தந்தேன். அன்றிலிருந்து என் நாட்கள் வெள்ளிக்கிழமையில் தொடங்கி வெள்ளிக்கிழமையில் முடிகின்றன.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ ரங்கூனுக்குப் போக ஒத்துக்கொண்டுவிட்டதாக மச்சான் இன்று காலை சாப்பாட்டு மேசையில் சொன்னார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பொய்யாக இருக்கும். பொய்தானே?

உடனே எழுது.

மர்ஸூக்


வெள்ளவத்தை
ஏப்ரல் 3

செபஸ்தியனுக்கு,

மூன்று கிழமையாகத் தபாற்கந்தோருக்குப் போய் வெறுங்கையோடு வருகிறேன். அங்கே இருக்கும் பறங்கி ஐயா இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் தலையை ஆட்டிவிடுகிறார், கேட்கவேண்டிய தேவையில்லை.

ஆகவே நீ ரங்கூனுக்குப் போய்விட்டாய், அல்லது போவதற்கு ஆயத்தமாகிறாய். மச்சான் சொன்னது உண்மை. பெட்டிசத்தைப் பற்றி நான் முதலில் நினைத்ததும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும்.

நீ இருந்தாலும் போனாலும், என்னால் அந்தப் பந்தலில் உட்கார முடியாது. ஒரு பெண்பிள்ளையின் ஆயுள் முழுவதும் நான் பொய் சொல்லவேண்டி வரும். நேற்று அதற்கு ஒரு காரியம் செய்தேன். அழகான காரியம் இல்லை. என்னைப் பற்றிக் கெட்ட செய்தி உன் காதில் விழுந்தால் மறுக்காதே, நம்பிக்கொள்.

மர்ஸூக்


கொட்டாஞ்சேனை
ஏப்ரல் 14, பெரிய சனி

மர்ஸூக்,

உன் மார்ச் மாதக் கடிதமும் ஏப்ரல் கடிதமும் ஒன்றாக நேற்று முன்தினம்தான் என் கைக்கு வந்தன. நான் ரங்கூனுக்குப் போகவில்லை. போக ஒத்துக்கொள்ளவும் இல்லை. நீ விட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு இங்கேதான் இருந்தேன்.

இனி எழுதப்போவதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதவேண்டும்.

பெரிய வியாழன் பின்னேரம் அம்மா சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோயிலிலிருந்து வந்தா. முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. அடுப்படியில் நின்ற என் முன்னால் வந்து, மடியிலிருந்து இரண்டு கடிதத்தை எடுத்து நீட்டினா. தபால்காரனிடமிருந்து வாங்கி ஒளித்துவைத்தவவாம்.

"சுவாமி சொன்னவர், உன்னட்டச் சொன்னாத்தான் பாவம் தீருமெண்டு" என்றா. "அந்தப் பெட்டிசம் நான்தான் எழுதிவிச்சனான்."

எனக்குக் காது அடைத்தது. முப்பதடி ஆழத்தில் அடைப்பதுபோல் அடைத்தது.

"உங்களுக்கு எழுதத் தெரியாதே அம்மா."

"புதுக்கடைக் கோட்டு வாசலில பெட்டிசம் எழுதுறவர் இருக்கிறார்தானே. நான் சொல்லச் சொல்ல எழுதினவர்."

நீ சந்தேகப்பட்டது சரி. காய்ச்சலில் உன்னைத் துடைத்தபோது அவ பதக்கத்தைக் கண்டிருக்கிறா. நான் கடலுக்குள் இறங்கத் தொடங்கிய நாள் அவவே என் அரையில் கட்டிய பதக்கம். கடலில் தொலைந்துபோனது என்று நான் அவவுக்குச் சொல்லியிருந்தேன்.

"உயிருக்குக் காவலெண்டு கட்டினதை ஒருத்தன் கழட்டிக் குடுக்கிறானெண்டா, ஆருக்குக் குடுப்பான்? எனக்கு விளங்காதே?" என்றா.

நான் கத்தினேன். என் அம்மாவோடு வாழ்க்கையில் முதல் தரம் கத்தினேன். அவ அசையவில்லை. என் கத்தல் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா:

"கப்பல் பாய் தைக்கிறவன்ர மகனை இதே மாதிரிக் காரியத்துக்குப் பொலிசு கொண்டுபோகேக்க நான் ஒழுங்கையில நிண்டு பாத்தனான். கோட்டில எல்லாத்தையும் விலாவாரியா வாசிச்சவங்களாம். அதுக்குப் பிறகு தாய்க்காரி கோயிலுக்கும் வாறேல்லை. உங்கட காரியம் எண்டைக்கோ ஒரு நாள் ஆற்றையோ கண்ணில படும். அதுக்கு முதல் அவரை அவற்ற வீட்டுக்காரரே பிடிச்சு வைக்கட்டுமெண்டு நினைச்சனான். மதம் மாறப்போறார் எண்டு எழுதினா அவரைப் பூட்டி வைப்பினம். மற்றதை எழுதினா உன்னைப் பூட்டி வைப்பாங்கள். நான் எதை எழுதுறது, சொல்லு?"

நீ இருந்தால் நீயாவது பதில் சொல்லியிருப்பாயோ தெரியாது.

அம்மாவுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவைப் பற்றி நீ கேட்டபோது நான் எழுதிய திமிர்க் கடிதத்துக்காகவும் கேட்கிறேன்.

ஆனால் மர்ஸூக், அம்மா எழுதுவித்தது ஒரு பெட்டிசம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னை நினைத்ததும், நான் உன்னை நினைத்ததும் நாங்களாகச் செய்தவை. அதைச் சுவாமி மன்னித்தும் ஆகப்போவதில்லை.

திருக்கோணமலைத் துறையில் சுழியோடிக்கு வேலை இருக்கிறது. கேட்டு எழுதினேன், வரச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 26, வியாழக்கிழமை, கரையோரக் கப்பலில் போகிறேன். 22ஆம் திகதி உன் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும். ஏதோ காரியம் செய்ததாக எழுதியிருந்தாய். அது என்னவென்று எனக்குத் தெரியாது. நல்ல செய்தியும் காதில் விழவில்லை, கெட்ட செய்தியும் விழவில்லை.

செபஸ்தியன்


மருதானை
ஏப்ரல் 17

செபஸ்தியன்,

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்திருப்பாய். மருதானையில் சேணம் தைக்கும் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். பறங்கி ஐயா உன் கடிதத்தை இங்கே திருப்பி அனுப்பிவைத்தார். நல்ல மனுஷன்.

நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். நானும் ஒரு மொட்டைப் பெட்டிசம் எழுதினேன்.

பலீலாவின் வாப்பாவுக்கு எழுதினேன். இடது கையால் எழுதினேன். "தங்களுக்கு மருமகனாக வரவிருக்கும் மர்ஸூக் இரகசியமாக வேதத்தில் சேர்ந்துவிட்டார், விசாரித்துப் பார்க்கவும்" என்று, முதல் பெட்டிசத்தின் வார்த்தையையே எடுத்து எழுதினேன். வேறு எந்தக் காரணம் சொன்னாலும் பெண்ணில் குறை என்று ஊர் கதைக்கும். இதில் குறை முழுவதும் என்னில்தான். அந்தப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை. அவளுக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

உன் அம்மா கண்டுபிடித்த அதே பொய்யை நானும் கண்டுபிடித்திருக்கிறேன் என்று உன் கடிதத்தை வாசித்தபோதுதான் விளங்கியது. நான் எழுதும்போது அதை எழுதுவித்தவன் நீ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன் பெண்ணின் வாப்பா வெள்ளவத்தைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வந்த பெட்டிசத்தை மேசையில் வைத்துவிட்டு, கோப்பியும் குடிக்காமல் போனார். வாப்பா என்னைப் பார்த்து, "இனி நான் ஆரட மொகத்த எப்பிடிப் பாக்கிற?" என்று கேட்டார். நான் மறுபடி சத்தியம் செய்யவில்லை. செய்தால் கல்யாணம் மறுபடி கூடிவிடுமே. பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். உம்மா உள்ளே அழுதது கேட்டது. றலியா ராத்தா என் உடுப்பை மடித்துத் தந்தா. பெருநாள் தொழுகைக்கு மருதானைப் பள்ளியில் கடைசி வரிசையில் நின்றேன். தெரிந்தவர்கள் பக்கத்தில் நிற்காமல் விலகினார்கள்.

இது எல்லாம் உனக்காகச் செய்தேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முழுவதும் உனக்காகவும் இல்லை. நீ ரங்கூனுக்குப் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

ஆனால் நீ போகவில்லை. நான் திருக்கோணமலைக்கு வரலாமா? உனக்குச் சுமையாக இருக்கமாட்டேன். இங்கிலீசில் கடிதம் எழுதத் தெரிந்தவனுக்கு எந்தத் துறைமுகத்திலும் ஒரு மேசை கிடைக்கும்.

மர்ஸூக்


கொட்டாஞ்சேனை
ஏப்ரல் 20

மர்ஸூக்,

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். முதல் தரம் நம்பினேன். இரண்டாம் தரம், வீட்டிலிருந்து துரத்தப்பட்டவனுக்குப் போக இடமில்லாததால்தான் என்னிடம் வருகிறாய் என்று தோன்றியது. மூன்றாம் தரம், ஆறு மாதத்தில் உன் வாப்பா ஆள் அனுப்பினால் நீ திரும்பிப் போய்விடுவாய் என்று தோன்றியது. நான்காம் தரம் வாசித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலன்ரைனை மருதானைக்கு அனுப்பி, நீ உண்மையில் அந்த அறையில் இருக்கிறாயா என்று பார்த்துவரச் சொன்னேன். நான் அவ்வளவுக்கு ஆகிவிட்டேன். "இருக்கிறார். மெலிஞ்சு போனார். கீழ சேணக்கடைக்காரனுக்குக் கடிதம் எழுதிக் குடுத்துக்கொண்டிருந்தவர்" என்று வந்து சொன்னான்.

நான் உன்னை நம்பிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். நம்பாமல்தான் கூப்பிடுகிறேன். நம்பிக்கை வந்தபிறகு கூப்பிடலாம் என்று இருந்தால் இரண்டு பேரும் கிழவர்களாகிவிடுவோம்.

நீயும் என்னை நம்பாமலே வா. போகப்போகப் பார்ப்போம்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் துறைமுகப் படிக்கட்டு. உன் டிக்கெட்டை நீயே எடு, என் டிக்கெட்டை நான் எடுக்கிறேன். கப்பலின் திறந்த தளத்தில்தான் இடம். முதலாளிமாரின் அறைக்கு என்னால் ஏலாது. கப்பலில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் ஏறுவோம்.

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு பேருக்குக் காணும் அளவில் கருவாடு கட்டி வைத்திருக்கிறா.

செபஸ்தியன்


கொட்டாஞ்சேனை
1901 ஜனவரி 30

மர்ஸூக்,

நான் இங்கே வந்து பார்த்துக்கொண்டதில் அம்மாவுக்கு இப்போது சுகம். காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்றுக் கஞ்சி குடித்தா. குடித்துக்கொண்டே, "அந்தத் தம்பி நேரத்துக்குச் சாப்பிடுறவரோ?" என்று கேட்டா. எட்டு மணிக்குக் கடைக்குக் கடிதமெழுதப் போனால் பின்னேரம்வரை வெறும் வயிறு என்று சொல்லிவிட்டேன். இனி நீ அவவிடம்தான் பதில் சொல்லவேண்டும்.

திருக்கோணமலையில் நமக்கு வீட்டை வாடகைக்குத் தந்த ஜவாஹிறா உம்மா உனக்குச் சோற்றுக்கு ஆணம் கொடுத்தனுப்புகிறாவா? நம் இருவரில் ஒருவர் முதலாளி, மற்றவர் வேலையாள் என்று அவ நினைத்துக்கொண்டிருக்கிறா. எவர் எது என்று இன்னும் அவவுக்குப் பிடிபடவில்லை. நீ சொல்லிக்கொடுக்காதே. உன் கடிதத்தில் தௌபீக் என்று ஒரு பெயர் மூன்று தரம் வருகிறது. யார் அவர்? சும்மா கேட்டேன்.

மகாராணி செத்ததற்குப் புறக்கோட்டை முழுவதும் கறுப்புத் துணி தொங்குகிறது. பாதிக் கடை பூட்டு. அம்மாவுக்கு மருந்துச் சரக்கு வாங்க நேற்று அங்கே போனேன். உன் வாப்பாவின் கடையைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

"டேய், நில்லு" என்று சத்தம் வந்தது.

கடைவாசலில் நின்றார். தாடி முழுக்க வெள்ளை. நீ பார்த்தால் சங்கடப்படுவாய்.

"நீ அந்தச் சுழியோடி தானே."

"ஓம், ஹாஜியார்."

பிறகு, "சொகமா ஈக்கிறானா?" என்றார்.

"சுகம்."

"தொழுறானா?"

"அஞ்சு நேரமும் தொழுறவர். விடியச் சுபஹுக்கு எழும்பேக்க என்னையும் எழுப்பிப்போடுவார்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. வாய்க்குள் திரும்ப எடுக்க முடியவில்லை. பொலிசைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். ஓடலாமா என்றும் நினைத்தேன்.

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பெட்டிசம் பொய்" என்றார்.

"பொய்தான்."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

"வேதத்துக்குப் போகல்ல எண்டா, அவன் என்னத்துக்கு வூட்ட வுட்டுட்டுப் போன?"

மர்ஸூக், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இந்த முறை தெருவைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். கன நேரம் பார்த்தார். சுமைக்காரர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது.

"வெயில்ல நிக்காத" என்றார் கடைசியில். "உள்ளுக்கு வா."

போனேன். கதிரையைக் காட்டினார். நான் நின்றேன். மறுபடியும் காட்டினார். இருந்தேன். கோப்பி வந்தது. இரண்டு கோப்பை வந்தது. அவர் குடிக்கும்வரை நான் தொடவில்லை. நஞ்சு என்று நினைத்தல்ல, அல்லது கொஞ்சம் அப்படியும் நினைத்திருப்பேன். அவர் அதைக் கண்டுவிட்டு, தன் கோப்பையை எடுத்து முதலில் குடித்தார். பிறகு நானும் குடித்தேன். உன்னைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. கடலடியில் எவ்வளவு குளிர் என்று கேட்டார், சொன்னேன். எழும்பும்போது, "உம்மா கேட்டதாச் செல்லு" என்றார். தான் கேட்டதாகச் சொல்லவில்லை.

நாளை வியாழக்கிழமைத் திருக்கோணமலைக் கப்பலில் ஏறுகிறேன். இந்தத் தபால் தரைவழியாக எனக்கு முதல் உன்னிடம் வந்துவிடும். எப்போதும் துறையடிக்கு வராதே, ஆட்கள் பார்ப்பார்கள் என்று சொல்லுவேன்.

இந்த முறை வா.

செபஸ்தியன்